சம்பள நெடுவரிசை யார் கண்ணில் படவேண்டும்? போஸ்ட்கிரெஸில் நெடுவரிசை வாரியாக அனுமதி

ஒரு நிறுவனத்தின் ஊழியர் டேபிளை எடுத்துக்கொள்வோம். பணி எண், பெயர், துறை, பதவி, சேர்ந்த நாள், கைபேசி, ஆதார் எண், பான் எண், வங்கிக் கணக்கு, அடிப்படைச் சம்பளம், ரத்த வகை, மருத்துவக் குறிப்பு என்று 12 நெடுவரிசைகள். முகப்பில் உட்கார்ந்திருப்பவருக்குப் பணி எண், பெயர், துறை, கைபேசி இவ்வளவு போதும். கணக்குப் பிரிவுக்குப் பானும் வங்கிக் கணக்கும் சம்பளமும் வேண்டும், மருத்துவக் குறிப்பு எதற்கும் வேண்டாம். நிறுவன மருத்துவருக்கு ரத்த வகையும் குறிப்பும் வேண்டும், சம்பளம் வேண்டாம். ஆனால் பல அலுவலக மென்பொருள்களில் எல்லாப் பக்கத்துக்கும், டேபிளின் எல்லா நெடுவரிசையையும் கேட்கும் ஒரே செலக்ட் ஸ்டார்தான் ஓடுகிறது. 12 நெடுவரிசையும் பிரவுசர் வரை போய்ச் சேர்கின்றன. திரையில் மட்டும் மூன்றோ நான்கோ தெரிகின்றன.

திரையில் மறைத்தால் மறைந்துவிடாது. எஃப்12 தட்டி நெட்வொர்க் பகுதியைத் திறந்தால் சர்வர் அனுப்பிய பதில் முழுசாக அங்கே கிடக்கும், சம்பளம் உட்பட. இதற்கு நிரலாக்க அறிவுகூடத் தேவையில்லை. மென்பொருள் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு, மென்பொருள்கள் தரவு பரிமாறும் வழியான ஏபிஐ பற்றி 2019-இல் வெளியிட்ட ஆபத்துப் பட்டியலில், இப்படித் தேவைக்கு மேல் தரவு அனுப்புவது மூன்றாவது இடத்தில் தனித் தலைப்பாகவே இருந்தது. 2023 பட்டியலிலும் இன்னொரு குறையோடு சேர்த்து அதே மூன்றாவது இடத்தில் வைத்திருக்கிறார்கள். இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் உண்டு.

ஆகவே தேவையில்லாத நெடுவரிசை டேட்டாபேஸை விட்டு வெளியே வரவே கூடாது. அதை எப்படிச் செய்வது என்பதுதான் இந்தப் பதிவு. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸை மையமாக வைத்துச் சொல்கிறேன். மற்ற டேட்டாபேஸ்களில் மாறும் இடங்களைக் கடைசிக்கு முன் தொடுகிறேன். கட்டளைகளைப் படிக்க வசதியாகத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். தட்டும்போது கிராண்ட், செலக்ட் போன்ற கட்டளைச் சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டவேண்டும்.

டேபிள், நெடுவரிசைப் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். யூடிஎஃப்-8 டேட்டாபேஸில் மேற்கோள் குறிகூட வேண்டாம். ஒன்றை மட்டும் கவனிக்கவேண்டும்: பெயரின் அதிகபட்ச நீளம் 63 பைட், தமிழில் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். புள்ளியும் கொம்பும் துணைக்காலும் தனித்தனிக் குறியீடுகள். 'அடிப்படைச்_சம்பளம்' என்ற பெயரே 52 பைட் ஆகிவிடுகிறது. 63-ஐத் தாண்டினால் போஸ்ட்கிரெஸ் பிழை காட்டி நிற்காது, ஓர் அறிவிப்பை மட்டும் தந்துவிட்டு வாலை வெட்டிவிடும்.

முதலில் தாளில்

கட்டளை எழுதுவதற்கு முன்னால் ஒரு கட்டம் போடுங்கள். இடப்பக்கம் 12 நெடுவரிசைகள், மேலே முகப்பு, கணக்கு, மருத்துவர், மனிதவளம் என்று ரோல்கள். ஒவ்வொரு கட்டத்திலும் நாலில் ஒன்று: பார்க்கலாம், மாற்றலாம், ஒரு பகுதி மட்டும் தெரியலாம், கூடாது. சந்தேகம் வந்தால் 'கூடாது' என்று எழுதுங்கள். தேவைப்படுபவர் வந்து கேட்பார், அப்போது திறந்துவிடலாம். திறந்து வைத்ததை யாரும் வந்து 'எனக்கு இது வேண்டாம், மூடுங்கள்' என்று சொல்லப்போவதில்லை.

இந்தத் தாளை நிரப்பவேண்டியவர் டேட்டாபேஸ் நிர்வாகி இல்லை, அந்தந்தப் பிரிவின் பொறுப்பாளர். நிர்வாகி ஊகித்து நிரப்பினால் மாதக் கடைசியில் கணக்குப் பிரிவு நின்றுபோகும். மறுநாளே அவசரத்தில் முழு டேபிளையும் திறந்துவிடுவார்கள்.

நெடுவரிசைக்கு நேரடி அனுமதி

போஸ்ட்கிரெஸில் 2009-இல் வந்த 8.4 பதிப்பிலிருந்தே நெடுவரிசை அளவில் அனுமதி தரமுடியும்.

ரிவோக் ஆல் ஆன் ஊழியர் ஃப்ரம் முகப்பு;
கிராண்ட் செலக்ட் (பணி_எண், பெயர், துறை, கைபேசி) ஆன் ஊழியர் டு முகப்பு;

இந்த வரிசை மாறக்கூடாது. டேபிள் அளவில் ரிவோக் செய்தால் அந்த ரோலுக்குக் கொடுத்திருந்த நெடுவரிசை அனுமதிகளும் சேர்ந்தே போய்விடும். அதனால் பிடுங்குவது முதலில், கொடுப்பது பிறகு.

இதில் பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. டேபிள் முழுவதற்கும் செலக்ட் கொடுத்துவிட்டு, பிறகு சம்பள நெடுவரிசையை மட்டும் ரிவோக் செய்கிறார்கள். கட்டளை பிழையின்றி ஓடும், ஆனால் சம்பளம் தெரிந்துகொண்டேதான் இருக்கும். டேபிள் அளவு அனுமதியும் நெடுவரிசை அளவு அனுமதியும் தனித்தனியாக எழுதி வைக்கப்படுகின்றன. இரண்டில் எது இருந்தாலும் கதவு திறக்கும். கொடுக்காத நெடுவரிசை அனுமதியை ரிவோக் செய்தால் அங்கே எடுப்பதற்கு ஒன்றுமில்லை. போஸ்ட்கிரெஸில் 'இதைத் தவிர எல்லாம்' என்று எழுத வழி கிடையாது, 'இவை மட்டும்' என்றுதான் எழுதமுடியும். அதுதான் சரியான முறையும்கூட. நாளைக்கு யாராவது 'பணிநீக்கக் காரணம்' என்று 13-ஆவது நெடுவரிசை சேர்த்தால், அது முகப்புக்குத் தானாகத் திறக்காது.

அனுமதி வேறு வழியிலும் உள்ளே வரும். முகப்பு ரோல் வேறொரு ரோலின் உறுப்பினராக இருந்து அந்த ரோலுக்கு முழு டேபிள் அனுமதி இருந்தால், நீங்கள் எழுதிய பட்டியலுக்குப் பொருளில்லை. எல்லாப் பயனரையும் குறிக்கும் பப்ளிக்குக்குக் கொடுத்த அனுமதியும் அப்படியே. 14-ஆம் பதிப்பில் வந்த, எல்லாத் தரவையும் படிக்கவிடும் முன்வரையறுத்த ரோலை 'ரிப்போர்ட்டுக்குத்தானே' என்று யாருக்காவது கொடுத்திருக்கிறதா என்றும் பாருங்கள். போஸ்ட்கிரெஸின் கட்டளைக் கருவியான பிஎஸ்கியூஎல்-இல் பேக்ஸ்லாஷ் டிபி கட்டளை டேபிள் அனுமதி, நெடுவரிசை அனுமதி இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் காட்டும். மரபாக வந்ததையும் சேர்த்து விடை வேண்டுமானால் ஹேஸ்_காலம்_பிரிவிலேஜ் என்ற ஃபங்ஷனைக் கேளுங்கள். ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் சொல்லிவிடும்.

அனுமதி கொடுத்தபின் என்னென்ன உடையும்?

முதலில் உடைவது செலக்ட் ஸ்டார். ஒரு நெடுவரிசைக்கு அனுமதி இல்லையென்றாலும் குவெரி முழுவதும் மறுக்கப்படும். அனுமதி உள்ளவற்றை மட்டும் தந்துவிட்டு மீதியை விட்டுவிடும் பழக்கம் போஸ்ட்கிரெஸுக்கு இல்லை. பிழைச் செய்தியும் டேபிளின் பெயரைச் சொல்லித்தான் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்னும், எந்த நெடுவரிசை என்று சொல்லாது. அதைப் படிக்கும் டெவலப்பர் டேபிள் அனுமதியே இல்லை என்று நினைத்து முழு கிராண்ட் கேட்டு வருவார். கொடுத்துவிடாதீர்கள், குவெரியைப் பாருங்கள். வெறும் எண்ணிக்கை கேட்கும் கவுண்ட் ஸ்டார் மட்டும், ஏதாவது ஒரு நெடுவரிசைக்கு அனுமதி இருந்தாலே ஓடும்.

அடுத்து, எந்த வரிசைகள் வேண்டும் என்ற நிபந்தனையை எழுதும் வேர் பகுதி. காட்டாத நெடுவரிசையை வைத்து வடிகட்டவும் முடியாது. வேர், ஆர்டர் பை, ஜாயின் எங்கே வந்தாலும் அந்த நெடுவரிசைக்குச் செலக்ட் அனுமதி வேண்டும். இது தொல்லை மாதிரித் தெரியும், ஆனால் இதுதான் காவல். சம்பளத்தைக் காட்டாமல், 'சம்பளம் 50,000-க்கு மேல் உள்ளவர்கள்' என்று கேட்கவிட்டால், எண்ணை மாற்றி மாற்றிக் கேட்டே சரியான தொகையைப் பிடித்துவிடலாம்.

அப்டேட்டிலும் இதே கதை. முகப்புக்குக் கைபேசி எண்ணைத் திருத்த அனுமதி தருகிறீர்கள்:

கிராண்ட் அப்டேட் (கைபேசி) ஆன் ஊழியர் டு முகப்பு;

வேர் பகுதியில் பணி எண்ணை வைத்துத்தான் ஆளைப் பிடிப்பார்கள். ஆகவே பணி எண்ணுக்குச் செலக்ட் இருந்தே தீரவேண்டும். இன்சர்ட் செய்தபின் புதிய எண்ணைத் திருப்பித் தரும் ரிட்டர்னிங் பகுதிக்கும் செலக்ட் தேவை. நிரலிலிருந்து குவெரியைத் தானே எழுதித் தரும் பல ஓஆர்எம்-கள் நீங்கள் எழுதாமலே ரிட்டர்னிங் சேர்த்துவிடும். 'இன்சர்ட் அனுமதி கொடுத்தும் ஓடவில்லை' என்ற புகார் வந்தால் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான். டெலீட்டுக்கு நெடுவரிசை அளவு என்று ஒன்று கிடையாது. வரிசை போனால் முழுசாகத்தான் போகும்.

இன்னொன்று: தரவு மறைந்தாலும் நெடுவரிசையின் பெயர் மறையாது. சிஸ்டம் கேட்டலாக்கில் எல்லா நெடுவரிசைப் பெயரையும் எந்தப் பயனரும் படிக்கலாம். பெயரிலும் கமெண்ட்டிலும் ரகசியம் எழுதாதீர்கள்.

வியூ வழி

படிப்பதற்கு நான் பரிந்துரைப்பது வியூதான், அதாவது பெயர் கொடுத்துச் சேமித்து வைத்து, டேபிள் போலவே படிக்கக்கூடிய ஒரு குவெரி. ரிப்போர்ட் கருவிகள் செலக்ட் ஸ்டார் போட்டாலும் உடையாது. ஆதாரின் கடைசி 4 இலக்கத்தை மட்டும் காட்டுவது போன்றவை நெடுவரிசை அனுமதியால் முடியாது, வியூவில் முடியும்.

அமைப்பு இப்படி: 'மூலம்' என்று ஒரு ஸ்கீமா (டேபிள்களையும் வியூக்களையும் தொகுத்து வைக்கும் இடம்), அதில் உண்மையான டேபிள்கள். 'பார்வை' என்று இன்னொரு ஸ்கீமா, அதில் வியூக்கள் மட்டும். பயனர் ரோல்களுக்குப் பார்வை ஸ்கீமாவில் மட்டும் யூசேஜ், அதாவது நுழையும் அனுமதி, கொடுங்கள். மூலம் ஸ்கீமாவுக்குள் அவர்கள் நுழையவே தேவையில்லை. வழக்கமான வியூ அதன் உரிமையாளரின் அனுமதியில்தான் டேபிளைப் படிக்கும்.

கிரியேட் வியூ பார்வை.ஊழியர்_கணக்கு ஆஸ்
செலக்ட் பணி_எண், பெயர், பான்_எண், வங்கிக்_கணக்கு, அடிப்படைச்_சம்பளம்,
'********' || ரைட்(ஆதார்_எண், 4) ஆஸ் ஆதார்_கடைசி
ஃப்ரம் மூலம்.ஊழியர்;

கிராண்ட் செலக்ட் ஆன் பார்வை.ஊழியர்_கணக்கு டு கணக்கு;

எட்டு நட்சத்திரம், நாலு இலக்கம். ஆதாரின் 12 இலக்கத்துக்குச் சரியாகிவிடும். ஆதாரையும் வங்கிக் கணக்கையும் டெக்ஸ்ட்டாகவே வையுங்கள். எண் வகையில் வைத்தால் ரைட் ஃபங்ஷன் ஏற்காது. அதைவிட மோசம், பூஜ்யத்தில் தொடங்கும் வங்கிக் கணக்கின் முதல் இலக்கம் காணாமல் போய்விடும். சிலர் மறைப்பதற்குப் பதில் ஆதாரை ஹாஷ் செய்து, அதாவது ஒருவழிக் கணக்கால் வேறு எழுத்துகளாக மாற்றி, காட்டுகிறார்கள். 12 இலக்கத்தில் இருக்கக்கூடிய எண்கள் ஒரு லட்சம் கோடிக்குள் அடங்கிவிடும்; உப்பு எனப்படும் கூடுதல் எழுத்துகள் சேர்க்காத வேகமான ஹாஷ் என்றால் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்து மூல எண்ணைக் கண்டுபிடிக்கலாம்.

வியூவின் உரிமையாளராகச் சூப்பர்யூசரை வைக்காதீர்கள். லாகின் இல்லாத ஒரு ரோலை உருவாக்கி, வியூவுக்குத் தேவையான நெடுவரிசைகளுக்கு மட்டும் அதற்கு அனுமதி தந்து, அதன் பெயரில் வியூவை வையுங்கள். டேபிளில், யார் எந்த வரிசையைப் பார்க்கலாம் என்று சொல்லும் வரிசைப் பாதுகாப்புக் கொள்கை போட்டிருந்தால் இது மிக முக்கியம். சூப்பர்யூசர் வைத்திருக்கும் வியூ வழியாக வந்தால் அந்தக் கொள்கை செல்லாது, எல்லாத் துறை ஊழியரும் தெரிவார்கள். கேட்கும் பயனரின் அனுமதியிலேயே வியூ ஓடவேண்டுமென்றால் 2022-இல் வந்த 15-ஆம் பதிப்பின் செக்யூரிட்டி இன்வோக்கர் அமைப்பு இருக்கிறது. ஆனால் அதைப் போட்டால் பயனருக்கு மூல டேபிளிலும் அனுமதி வேண்டும். நெடுவரிசையை மறைக்கும் வேலைக்கு வியூ மட்டும் போதாமல் போகும். வியூவுக்குள் நீங்களே எழுதிய மறைப்பு ஃபங்ஷன் இருந்தால், அதை ஓட்டும் எக்ஸிகியூட் அனுமதி கேட்கும் பயனருக்கே வேண்டும், உரிமையாளருக்கு இருந்தால் போதாது.

வியூவின் வடிகட்டலை முதலில் ஓடவைக்கும் செக்யூரிட்டி பேரியர் தேவையா என்று கேட்பார்கள். வியூ நெடுவரிசைகளை மட்டும் குறைக்கிறது என்றால் தேவையில்லை. பயனர் எந்த ஃபங்ஷனை வேர் பகுதியில் போட்டாலும், வியூவில் இல்லாத நெடுவரிசையை அதற்குக் கொடுக்கமுடியாது. வியூ வரிசைகளையும் வடிகட்டினால், உதாரணமாகத் தன் துறை ஊழியரை மட்டும் காட்டினால், அப்போது அது தேவை. இல்லாவிட்டால் பயனரின் ஃபங்ஷன் வடிகட்டலுக்கு முன்னாலேயே ஓடி மற்றத் துறைக்காரர்களின் தரவைக் கசியவிடலாம். விலையும் உண்டு: கசியாது என்று குறிக்கப்படாத நிபந்தனைகளைப் போஸ்ட்கிரெஸ் உள்ளே தள்ளாது. டெக்ஸ்ட் சமன் ஒப்பீடு தப்பித்துவிடும், லைக் தேடல் தப்பாது. அதற்கென்று போட்ட இண்டெக்ஸ் சும்மா கிடக்கும்.

வியூவைப் பராமரிப்பதில் வரும் தலைவலிகளைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள். வியூவுக்குள் ஸ்டார் எழுதினால் உருவாக்கும் அந்த நிமிடத்தில் இருந்த நெடுவரிசைகளாக அது விரிந்து உறைந்துவிடும். பிறகு சேர்த்தவை வராது. ஸ்டார் எழுதாதீர்கள், பெயர்களை எழுதுங்கள். கிரியேட் ஆர் ரீப்ளேஸ் செய்தால் கடைசியில் நெடுவரிசை சேர்க்கலாம், அவ்வளவுதான். நடுவில் இருப்பதை எடுக்கமுடியாது, இடம் மாற்றமுடியாது. எடுக்கவேண்டுமானால் டிராப் செய்து மறுபடி உருவாக்கவேண்டும். டிராப் செய்தால் வியூவுக்குக் கொடுத்த கிராண்ட் எல்லாம் போய்விடும். அதனால் பிகின், டிராப், கிரியேட், உரிமையாளர் மாற்றம், கிராண்ட், கமிட் என்று ஒரே டிரான்சாக்‌ஷனில் எழுதி வையுங்கள். போஸ்ட்கிரெஸில் இவை எல்லாம் டிரான்சாக்‌ஷனுக்குள் அடங்கும். நடுவில் பிழை வந்தால் பழைய வியூ அப்படியே திரும்பி நிற்கும். மூல டேபிளில் ஒரு நெடுவரிசையின் வகையை மாற்றப்போனால், அதைப் பயன்படுத்தும் வியூ இருக்கும்வரை போஸ்ட்கிரெஸ் விடாது. கேஸ்கேட் போட்டு நெடுவரிசையை நீக்கினால், அதை நம்பியிருந்த வியூக்களும் சேர்ந்து போகும். கேஸ்கேட் எழுதும் முன் கை ஒருமுறை நிற்கட்டும்.

எளிய வியூ வழியாக எழுதவும் முடியும். ஆனால் ஆதார்_கடைசி போலக் கணக்கிட்டு வரும் நெடுவரிசையை மாற்றமுடியாது. மறைத்த நெடுவரிசை நாட் நல் (காலியாக விடமுடியாதது) ஆக இருந்து இயல்பு மதிப்பும் இல்லையென்றால், அந்த வியூ வழியாகப் புதிய ஊழியரைச் சேர்க்கமுடியாது. சேர்ப்பது மனிதவளப் பிரிவின் வேலை. அவர்களுக்குத் தனி வியூ வையுங்கள்.

ஒரே லாகினில் ஓடும் மென்பொருள்

இணைய மென்பொருள் பொதுவாக ஒரே டேட்டாபேஸ் லாகினில் ஓடும். முகப்பும் கணக்கும் மருத்துவரும் டேட்டாபேஸ் கண்ணுக்கு ஒரே ஆள். அப்போது மேலே சொன்ன கிராண்ட் எதுவும் ஆளுக்கு ஆள் வேலை செய்யாது. டிரான்சாக்‌ஷன் தொடக்கத்தில் செட் லோக்கல் ரோல் போட்டு அந்தந்த ரோலுக்கு மாறலாம். லோக்கல் என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். டேட்டாபேஸ் இணைப்புகளைப் பலருக்கும் பகிர்ந்து தரும் பிஜிபவுன்சரை டிரான்சாக்‌ஷன் முறையில் ஓட்டும்போது வெறும் செட் ரோல் போட்டால், அந்த இணைப்பு அடுத்தவருக்குப் போகையில் ரோலும் கூடவே போகும். முகப்புக்காரர் கணக்குப் பிரிவின் கண்ணோடு பார்ப்பார். உள்ளீட்டு வழியாக யாராவது கட்டளையை நுழைக்கும் எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷனை இந்த முறை தடுக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். உள்ளே நுழைந்தவர் ரீசெட் ரோல் எழுதித் திரும்பிவிடலாம். மருத்துவக் குறிப்பு போன்றவற்றுக்குத் தனி லாகின், தனி இணைப்புத் தொகுப்பு வைப்பதே மேல்.

ஏபிஐ பக்கத்திலும் 'இவை மட்டும்' பட்டியலையே எழுதுங்கள். மாடலை முழுசாக ஜேசனாக மாற்றிவிட்டு வேண்டாததை நீக்கும் முறையில், புதிய நெடுவரிசை வரும் ஒவ்வொரு முறையும் ஒருவர் மறக்காமல் இருக்கவேண்டியிருக்கிறது. பைத்தானில் இணைய மென்பொருள் எழுத உதவும் ஜாங்கோவில் வேல்யூஸ் எழுதினால் கேட்ட நெடுவரிசைகள் மட்டும் வரும். ஒன்லி எழுதினால் கவனம்: விட்ட நெடுவரிசையை டெம்ப்ளேட் தொட்டால், ஒவ்வொரு வரிசைக்கும் தனிக் குவெரி போய் அதை எடுத்துவரும். 500 ஊழியர் பட்டியலுக்கு 501 குவெரி.

வேகத்திலும் ஆதாயம் உண்டு. நீளமான மருத்துவக் குறிப்பு ஒரு வரிசையை ஏறக்குறைய 2 கிலோபைட்டுக்கு மேல் கொண்டுபோனால், போஸ்ட்கிரெஸ் அதைச் சுருக்கும் அல்லது டோஸ்ட் என்ற தனி இடத்துக்கு நகர்த்தும். அந்த நெடுவரிசையைக் கேட்காவிட்டால் அதைத் தேடிப் போகும் வேலையே இல்லை.

மற்ற டேட்டாபேஸ்கள்

ஆரக்கிளில் நெடுவரிசை அளவு கிராண்ட் இன்சர்ட், அப்டேட், ரெஃபரன்சஸ் மூன்றுக்குத்தான், செலக்ட்டுக்கு இல்லை. படிப்பதை மட்டுப்படுத்த வியூவோ, நெடுவரிசையைக் காலியாக (நல்) காட்டும் விபிடி (வர்ச்சுவல் பிரைவேட் டேட்டாபேஸ்) கொள்கையோ வைக்கலாம்.

மைஎஸ்கியூஎல்-இல் செலக்ட்டுக்கும் நெடுவரிசை அனுமதி உண்டு. வியூவை, அதன் டிஃபைனராகக் குறித்த பயனரின் அனுமதியில் ஓடும்படி உருவாக்குவது அங்கே இயல்பு. டம்ப் (டேட்டாபேஸின் நகல் ஃபைல்) எடுத்து வேறு சர்வரில் ஏற்றும்போது டிஃபைனர் பயனர் அங்கே இல்லையென்றால், வியூவைத் தொடும்போது பிழை 1449 வரும். டேபிளை டிராப் செய்தாலும் அதற்குக் கொடுத்த அனுமதிகள் அங்கே அழிவதில்லை. அதே பெயரில் புது டேபிள் வந்தால் பழைய ஆட்களுக்குத் திறந்திருக்கும். 8.0.23-இல் வந்த இன்விசிபிள் நெடுவரிசையைப் பாதுகாப்பு என்று நம்பாதீர்கள். அது ஸ்டாரில் வராது, பெயர் சொல்லிக் கேட்டால் வந்துவிடும்.

எஸ்கியூஎல் சர்வரில் டேபிளுக்கு அனுமதி தந்தபின் ஒரு நெடுவரிசையை மட்டும் டினை (தடை) செய்யலாம், செல்லும். தலைகீழாக, டேபிள் அளவு டினை நெடுவரிசை அளவு கிராண்டை வெல்லாது. பழைய மென்பொருள்களுக்காக இந்த முரணை விட்டு வைத்திருப்பதாக மைக்ரோசாஃப்ட் ஆவணமே சொல்கிறது. 2016 பதிப்பில் வந்த டைனமிக் டேட்டா மாஸ்கிங் காட்சியை மட்டும்தான் மறைக்கும், வேர் பகுதியில் உண்மை மதிப்போடுதான் ஒப்பிடும். மேலே சொன்ன 50,000 வித்தை அங்கே பலிக்கும். நேரடியாகக் குவெரி எழுத முடிந்தவரிடமிருந்து சம்பளத்தைக் காக்க அது போதாது.

எஸ்கியூலைட்டில் பயனர் என்ற கருத்தே இல்லை. ஃபைலைத் திறக்க முடிந்தவருக்கு எல்லாம் தெரியும்.

சோதிக்கும் முறை

நிர்வாகி லாகினில் உட்கார்ந்து சோதித்தால் எதுவும் தெரியாது. ஒவ்வொரு ரோலாக மாறி, தாளில் உள்ள ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு குவெரி ஓட்டுங்கள். 'பார்க்கலாம்' என்றது வருகிறதா என்பதைவிட, 'கூடாது' என்றது மறுக்கப்படுகிறதா என்பது முக்கியம். 4 ரோல், 12 நெடுவரிசை, 48 சோதனை. ஹேஸ்_காலம்_பிரிவிலேஜை வைத்து ஒரே குவெரியில் எழுதிவிடலாம். டேபிளையோ வியூவையோ மாற்றும் ஒவ்வொரு மைக்ரேஷனுக்குப் பிறகும் அது தானாக ஓடட்டும்.

டேட்டாபேஸை விட்டு வெளியே போகும் நகல்களுக்கு இந்த அனுமதிகள் எதுவும் பொருந்தாது. இரவு பேக்கப், டெவலப்பர் கணினிக்குப் போகும் டம்ப், மாதந்தோறும் மின்னஞ்சலில் போகும் சிஎஸ்வி ஒவ்வொன்றையும் தாளில் ஒரு ரோலாகவே எழுதிக்கொள்ளுங்கள். ரிப்போர்ட் சர்வருக்குத் தரவு அனுப்ப லாஜிக்கல் ரெப்ளிகேஷன் (மாற்றங்களைத் தொடர்ந்து வேறு சர்வருக்கு அனுப்பும் வசதி) வைத்திருந்தால், 15-ஆம் பதிப்பிலிருந்து, எதை அனுப்புவது என்று சொல்லும் பப்ளிகேஷனிலேயே நெடுவரிசைப் பட்டியல் தரலாம். பட்டியலில் இல்லாத சம்பளமும் ஆதாரும் வழக்கமாக அந்தச் சர்வருக்குப் போகாது, ஆனால் பாதுகாப்புக்கு இதை மட்டும் நம்பாதீர்கள். அப்டேட், டெலீட் இரண்டையும் அனுப்புவதாக இருந்தால், எந்த வரிசை மாறியது என்று அடையாளம் காட்டும் ரெப்ளிகா ஐடென்டிட்டியில் உள்ள நெடுவரிசைகள், பெரும்பாலும் பிரைமரி கீ, அந்தப் பட்டியலில் இருந்தே ஆகவேண்டும். விட்டுவிட்டால் மூல சர்வரில் அந்த டேபிளின் அப்டேட்டே பிழையில் நின்றுவிடும்.